நூறாவது கோலுக்கு முன்

என் மகனே,

சனிக்கிழமை மெல்பர்னில் நீ இந்த சீசனின் நூறாவது கோலை அடித்தால், ஆஸ்திரேலிய ஃபுட்பால் வழக்கப்படி ஜனங்கள் மைதானத்துக்குள் ஓடிவந்து ஆளாளுக்கு உன் தலையில் தட்டுவார்கள்.

போன ஆட்டத்தில் தலை மோதி விழுந்தாய், எழுந்து கோலும் அடித்தாய். வீட்டில் உன் அக்கா பிரைடி, "கோல் அடிச்சுட்டு என்னடா அந்த டான்ஸ், கோமாளி!" என்றாள்.

"எந்த கோல், அக்கா?" என்றாய். அவள் மட்டும்தான் சிரித்தாள்.

சீசன் தொடக்கத்து மூளைச் சோதனையில் வேண்டுமென்றே தப்பாகப் பதில் சொன்னேன் என்றாயே, பிறகு அடிபட்டாலும் வித்தியாசம் தெரியாது என்று. கிளப்காரர்களுக்குத் தெரியவில்லைதான்.

இன்று கிளப் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சனிக்கிழமை உன்னை ஆடவிட மாட்டார்கள். எவ்வளவு வேண்டுமானாலும் கோபப்படு. யார் மேல் கோபம் என்பது மட்டும் உனக்கு மறந்துபோக வேண்டாம்.

உன் அம்மா