முக்கால் அங்குலம்

மார்ச் 3
எனக்கே எனக்கு ஒரு கால்சட்டை வெட்டினேன். அளவு நோட்டில் என் பக்கத்தில் உள்ளபடி: 'இடது – முக்கால் குறைவு.' இருபது வயதில் தொடையெலும்பு முறிந்து கோணலாகச் சேர்ந்ததிலிருந்து இதே அளவுதான். கைத்தடியையும் சேர்த்தால் எனக்குக் கால் மூன்று. கடைத்தெருவில் என் பெயரே 'முக்கால் டெய்லர்'.

மார்ச் 7
முழங்கால் தேய்ந்துபோய்ப் பத்து நிமிடம்கூட மெஷின் மிதிக்க முடியவில்லை. மூட்டு மாற்றும்போது நேர் பார்க்கத் தொடையெலும்புக்குள் கம்பி விட வேண்டுமாம். வளைந்த எலும்பில் போகாது என்று முதல் டாக்டர் கைவிரித்துவிட்டார். இன்று பார்த்த டாக்டரம்மா அசரவில்லை.

"கம்பியே வேணாங்கய்யா. எலும்புல ரெண்டு குறி பொருத்துவோம். இடுப்புலேருந்து கணுக்கால் வரைக்கும் கம்ப்யூட்டர் நேர்கோடு காட்டும். அதைப் பார்த்து வெட்டுவோம்."

"நம்ம சாக்பீஸ் கோடு மாதிரியா?"

"அதேதான்! ஆனா குறைச்சல் முழுசா போயிடும்னு சொல்ல மாட்டேன்."

மறுபடி மெஷினில் உட்கார முடியுமா? அதைக் கேட்க மட்டும் வாய் வரவில்லை.

மார்ச் 13
நாளைக்கு ஆபரேஷன். பயமா இருக்கு. நாற்பது வருஷமா வெட்டறேன், ஒரு நாளும் கை நடுங்கினதில்ல. இப்ப நான்தானே துணி! அளவு தப்பினா எலும்புக்கு ஒட்டுப்போட முடியுமா?

மார்ச் 14
ஆயிற்று. வலி உயிர் போகிறது.

மார்ச் 19
வீட்டுக்கு விட்டுவிட்டார்கள். புதுக் கால்சட்டையைப் போட்டால், இடது பக்கம் கணுக்காலுக்கு மேலே ஏறி நிற்கிறது! 'சே, வெட்டத் தெரியாதவனே' என்று என்னையே திட்டிக்கொண்டேன். மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"தையல் சரியாத்தாங்க இருக்கு. கால்தான் நேராயிடுச்சு! சரியாகப் போவுதுன்னு தெரிஞ்சும் பழைய அளவுலயா வெட்டுவீங்க?"

சரியாகும் என்று நான் நம்பவே இல்லை.

ஏப்ரல் 9
முழங்காலை மடக்கச் சொல்லி மனைவி வதைக்கிறாள். பிசியோதெரபிக்காரர் எவ்வளவோ தேவலாம்.

மே 26
கடை திறந்தேன். மிதித்தேன். பத்து நிமிடம். அரை மணி. ஒரு மணி நேரம்! யாருமில்லாததால் கொஞ்சம் அழுதுகொண்டேன்.

அந்தக் கால்சட்டையின் இடது மடிப்பைப் பிரித்து அரை அங்குலம் இறக்கினேன். பிறகு அளவு நோட்டை எடுத்து, 'முக்கால்' என்பதில் முதல் இரண்டு எழுத்தை மட்டும் அடித்தேன்.

மிச்சம் நின்றது, கால்.