கல்லையே ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்

வீடு முழுக்க மாவும் வெண்ணெயும் வெந்த வாசம். யன்னலைத் திறந்துவிட்டேன். பிறகு, இருக்கட்டும் என்று நானே மூடிவிட்டேன். இன்றைக்கு உம்முடைய ஆட்டைத் திவசம். நீர் போய் ஒரு வருடம். விடிந்ததும் விடியாததுமாக உம்முடைய அம்மா, என் மாமி, குசினிக்குள் புகுந்து, வடைக்கு உழுந்து அரைத்து முடித்த கையோடு, "தம்பி, மகள் சுடுற அந்த ஸ்கொன்னுக்கு எந்த மா?" என்று கேட்டார். உம்முடைய அஸ்தியை அலுமாரியில் வைத்துக்கொண்டு, அதை எந்தத் தண்ணீரில் கரைப்பது என்று நானும் மாமியும் ஒரு வருடமாக முகம் கொடுத்துப் பேசாமல் இழுபறிப்படுகிற வீடு இது. அந்த மனுசி உமது ஸ்கொட்லாந்துப் பலகாரத்தைச் சுடப்போகிறேன் என்றால் நான் என்னவென்று நினைப்பது?

நான் லண்டன்காரரைப் போல ஸ்கோன் என்று சொன்னால் உமக்கு மூக்கு விடைத்துவிடும். பலகாரம் ஸ்கொன், ஸ்கொட்லாந்து அரசர்கள் அமர்ந்து முடிசூடிய கல் இருந்த ஊர் ஸ்கூன், இரண்டையும் குழப்பவேண்டாம் என்று திருத்துவீர். பலகாரத்துக்கு அந்தக் கல்லின் பேரைத்தான் வைத்தார்கள் என்று சிலர் சொல்வதைக் கேட்டால், நம்பமாட்டன், ஆனால் சாப்பிடேக்க நம்புவன் என்று சிரிப்பீர். உம்முடைய அப்பா பேர்த் நகரத்து ஆஸ்பத்திரியில் டொக்டர். நாலு வயதில் அங்கே போன நீர், ஸ்கூனுக்குப் பக்கத்திலேயே, டே ஆற்றங்கரையிலேயே வளர்ந்தீர். கலியாணம் முடித்து லண்டனில் டூட்டிங்குக்கு வந்த பிறகு, "ஊருக்குப் போட்டு வருவம்" என்று நீர் சொன்னால் அது யாழ்ப்பாணம் இல்லை, பேர்த் என்று எனக்கு விளங்கக் கனகாலம் எடுத்தது.

அந்தக் கல்லை முதலில் எனக்குக் காட்டியதும் நீர்தான். அப்போது அது வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில், அரசர் இருந்து முடிசூடுகிற கதிரைக்குக் கீழே இருந்தது. புதுமாப்பிள்ளையாகிய எனக்குப் பார்த்ததும் சப்பென்று போய்விட்டது. இரண்டு பக்கமும் இரும்பு வளையம் போட்ட வெறும் மணற்கல், கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கிற கல் மாதிரி. நீரோ கோயில் வரலாறு சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டு போனீர். வேதாகமத்து யாக்கோபு தலைக்கு வைத்துப் படுத்த கல்லாம். அயர்லாந்தால் சுற்றி ஸ்கூனுக்கு வந்ததாம். இங்கிலாந்து அரசன் படையோடு வந்து தூக்கிக்கொண்டு போனானாம். இல்லை, துறவிகள் உண்மையான கல்லை ஒளித்துவிட்டு வேறொன்றை அவன் தலையில் கட்டிவிட்டார்கள் என்றும் ஒரு கதையாம். எழுநூறு வருடம் கழியப்போகுதே, பின்னை ஏன் இன்னும் திருப்பிக் கேட்கிறீர்கள் என்று நான் பகிடியாகக் கேட்டேன். நீர் பகிடியாக எடுக்கவில்லை.

பேர்த்திலிருந்து வந்திருந்த மாமி எங்களுக்குப் பின்னால் நின்றார். திரும்பிப் பார்த்தால், சப்பாத்து இரண்டையும் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் கைகூப்பிக்கொண்டு நிற்கிறார். கல்லென்றால் கும்பிடத்தான் தெரியும் எங்கள் ஆட்களுக்கு. காவலாள் வந்து என்ன நடக்கிறது என்று கேட்க எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நீர் கொஞ்சமும் அசையாமல், பேர்த் ஆங்கிலத்தில், அம்மா மரியாதை செய்கிறார், முடியுமட்டும் பொறுங்கள் என்றீர். அந்த ஆளும் பொறுத்தார். அன்றைக்குத்தான் உம்மில் எனக்கு உண்மையான விருப்பம் வந்தது. இதை ஒருநாளும் நான் உமக்குச் சொன்னதில்லை.

அடுத்த சில வருடங்களில் கல் ஸ்கொட்லாந்துக்குத் திரும்பிவிட்டது. உம்முடைய அப்பா கண்ணை மூடியது அதற்குப் பிறகு, யாழ்ப்பாணத்தில் சண்டை நடந்த காலத்தில். எங்கள் ஆட்கள் அஸ்தி கரைக்கிற கீரிமலைக் கடற்கரைப் பக்கம் யாரும் கால் வைக்க ஏலாது. வேறு வழியில்லாமல் அவருடைய அஸ்தியைத் தேம்ஸில் கரைத்தோம். அதோடு எங்களிடம் வந்து இருந்துவிட்ட மாமிக்கு அந்தக் காயம் ஆறவே இல்லை. பஸ்ஸில் பாலம் கடக்கும்போதெல்லாம் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொள்வார்.

புது அரசருக்கு முடிசூட்டக் கல்லை மறுபடி லண்டனுக்குக் கொண்டுவந்தபோது நீர் படுக்கையில். டிவியில் அதைப் பார்த்துவிட்டு, திருப்பிக் குடுப்பினமோ, குடுப்பினமோ என்று எங்களைப் பிய்த்து எடுத்துவிட்டீர். கல் போய்ச் சேர்ந்த செய்தி வந்த பின்னேரம் முகம் தெளிந்து என் கையைப் பிடித்தீர்.

"கல்லையே ஊருக்கு அனுப்பிப்போட்டினம். என்னையும் டே ஆத்தில விட்டுவிடுங்கோ, என்னப்பா."

மாமி உடனே, என்ன கதை இது, எங்கட ஊரில் கீரிமலை இருக்குது என்றார். நீர் மெல்லமாகத்தான் சொன்னீர்: "அது உங்கட ஊர், அம்மா."

மாமி எழும்பிப் போய்க் குசினியில் நின்று அழுதார். உமக்கும் கேட்டிருக்கும். அந்த ஒரு சொல்லை அவர் உம்முடைய செத்தவீட்டிலும் மறக்கவில்லை. அஸ்தி கரைக்கவேண்டிய அந்தியேட்டி நாள் வந்தது. உமது விருப்பம் இதுதான் என்று நான் நின்றேன். புருசனைத்தான் அந்நியத் தண்ணியில் விட்டேன், பிள்ளையையும் விடமாட்டேன் என்று அவர் நின்றார். எனக்குக் கோபம் வந்தது, கத்தியும் இருக்கிறேன். ஆனால் பெற்ற மனம், அதை மீறித் தூக்கிக்கொண்டு போக எனக்கு ஏலவில்லை.

இன்றைக்கு அந்த மனுசி மாவைப் பிசைந்தார். ரொட்டிக்கு அடிக்கிற மாதிரி அடித்து, உருட்டி, அமத்தி. பூப்போலத் தொட்டு எடுக்கவேண்டிய மா அது, கை பட்டால் இறுகிவிடும் என்று நீர் எத்தனை தரம் சொல்லியிருப்பீர். பாதியில் கையை எடுத்துவிட்டு, "அமத்தாதேங்கோ அம்மா எண்டு சொல்லுவாள், என்ர கை கேக்குதில்லை" என்று சொல்லி மாவுக் கையோடேயே கண்ணைத் துடைத்தார். சுட்டு எடுத்தால் பல்லுக்குச் சவால். ஆனாலும் இலையில் வடைக்கும் பாயாசத்துக்கும் பக்கத்தில் இரண்டை வைத்தார். இதென்ன பலகாரம் என்று ஐயர் கேட்டார்.

"பிள்ளைக்குப் பிடிச்சது. அவளின்ர ஊர்ச் சாப்பாடு" என்றார் மாமி.

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, இலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

வந்த சனம் எல்லாம் போனபிறகு, கழுவின பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே, பேர்த்துக்கு ரெயின் டிக்கெட் பார், நானும் வாறன் என்றார். உண்மையாகவோ என்று கேட்டேன். துடைத்த பாத்திரத்தைத் தட்டில் கவிழ்த்து வைத்தார்.

"என்ர காலம் வரேக்க என்னையும் அங்கயே கொண்டுபோய் விடு, தம்பி. கீரிமலையில நான் தனிய இருந்து என்ன செய்யிறது?"

ஓம் மாமி என்றேன். வருகிற சனிக்கிழமை உம்மை ஆற்றில் விட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்புவேன் என்று நினைத்திருந்தேன். அது நடக்காது. உம்முடைய அம்மாவுக்குக் கொடுத்த அந்த வாக்கு என்னோடேயே திரும்பி வரும். நீர் போய் இரும். அம்மாவை நான் கட்டாயம் கொண்டுவந்து சேர்ப்பேன். அவசரப்படுத்த வேண்டாம். இன்னும் கொஞ்சக் காலம் அவர் எனக்கு வேணும்.