வெளியே வைக்கவேண்டிய செடி

ஜூன் 4

என் அக்காவுக்கு,

போனை அவர் சுவரில் அடித்து நொறுக்கிவிட்டார். அதனால்தான் கடிதம். கீழ்வீட்டுத் தையல்காரம்மாவின் போனில் பேசினால் மாடிவரை கேட்கும். எழுதினால் கேட்காது. பதிலைத் தையல்காரம்மா பெயருக்கே போடு.

பாப்பா நடக்கத் தொடங்கியபோது நீ கொடுத்தாயே, குட்டி ரோஜாத் தொட்டிகள், அதில் மூன்றுதான் மிச்சம். ஒன்று ஜன்னலிலிருந்து விழுந்தது. ஒன்று என் தோளில் பட்டு உடைந்தது. அவருக்கு ஆபீஸில் நெருக்கடி அக்கா. தொட்டி சின்னதுதான், ஆனால் ஈரமண்ணோடு பறந்து வரும்போது என்ன கனம்!

மிச்சச் செடிகளும் மஞ்சளாகி உதிர்கின்றன. இலைக்கு அடியில் நூலாம்படை மாதிரி ஏதோ. அடுப்பு மேடையில் பத்திரமாகத்தான் வைத்திருக்கிறேன். இத்தனூண்டு செடி வெயிலைத் தாங்குமா? பாப்பாவையும் நான் வெளியே விடுவதில்லை. என்ன செய்யட்டும், சொல்.

உன் தங்கச்சி

ஜூன் 10

அடி மக்கு,

முதலில் செடிக்கு, அப்புறம் உனக்கு. அது நூலாம்படை இல்லை, செம்பேன் பூச்சி கட்டின வலை. இலையின் அடிப்பக்கத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவு. கழுவிவிட்டுத் தூக்கி வெளியே வை. பூதான் குட்டி, இலைதான் குட்டி. செடி முழு ரோஜா. வெயில், மழை, பனி எல்லாம் தாங்கும். வீட்டுக்குள்தான் சாகும். என் நர்சரியில் வாங்கிப் போகிறவர்களில் பாதிப் பேர் 'ஐயோ பாவம், சின்னது' என்று உள்ளே வைத்தே கொன்றுவிட்டு, என்னிடம் வந்து சண்டை போடுகிறார்கள்.

இப்போது உனக்கு. தொட்டிக்கு என்ன இறக்கையா முளைத்தது? அடிக்கிறவனுக்கு எதற்கடி 'ர்'? கடிதம் முழுக்க அவர், அவர்! போன தடவை ஓடி வந்தேன். நீயே "போ அக்கா, பெருசு பண்ணாத" என்று என் முகத்தில் கதவைச் சாத்தினாய். அந்த 'ர்' போகிற அன்றைக்கு எழுது. வண்டியோடு வந்து நிற்கிறேன்.

அக்கா

ஜூன் 19

அக்கா,

எழுத்து கோணலாக இருக்கும். இடது கை.

வெளியே வைத்தேன். மூன்றும் துளிர்த்தன. ஒன்றில் பட்டாணி அளவு மொட்டு. பாப்பா அதற்கு முத்தம் கொடுத்தாள். அவர் பார்த்துவிட்டார். "யார் சொல்லி வெளிய வெச்ச? உங்கக்காவா? அவகிட்ட எப்பப் பேசின?" நீ கொடுத்த கவாத்துக் கத்தரியை எடுத்து மூன்றையும் அடியோடு வெட்டினார். குறுக்கே என் கை போனது. இரண்டு விரலில் தையல்.

கவாத்து செய்யும்போது பட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னேன். நர்ஸ் கட்டுப் போட்டபடியே கேட்டாள்: "சோத்துக் கைலதானேம்மா கத்தரி பிடிப்பீங்க? அப்புறம் அதே கை எப்படி வெட்டுப்படும்?"

சிரித்து மழுப்பிவிட்டேன். சாயங்காலம் அவர் பாப்பாவுக்குப் பொம்மை வாங்கி வந்தார். அழக்கூடச் செய்தார். 'ர்' இன்னும் போகவில்லை. திட்டாதே.

உன் தங்கச்சி

ஜூலை 2

அக்கா,

பேச வாய் வரவில்லை. இந்தத் தாளைத் தையல்காரம்மா போனில் படம் எடுத்து உனக்கு அனுப்புகிறார்.

வெட்டுப்பட்ட செடி ஒன்று அடியிலிருந்து சிவப்பாகத் துளிர் விட்டிருந்தது. பாப்பா டம்ளரில் தண்ணீர் ஊற்றினாள். அவன் ஷூவில் தெறித்துவிட்டது. அவன் அவளை முடியைப் பிடித்துத் தூக்கினான். அவள் கால் தரையில் இல்லை அக்கா. கத்தக்கூட இல்லை, என்னையே பார்த்தாள்.

காலித் தொட்டியால் அவன் மணிக்கட்டில் அடித்தேன். எலும்பு உடைந்த சத்தம் கேட்டது. பாப்பாவை விட்டுவிட்டான். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. தொட்டி உடைகிறவரை அடித்தேன்.

சாகவில்லை. மாடியில் கெட்ட வார்த்தையில் கத்திக்கொண்டிருக்கிறான். ஆம்புலன்ஸுக்கும் போலீஸுக்கும் தையல்காரம்மா சொல்லிவிட்டார். கேட்டால், கை தவறியது என்று இந்தத் தடவை சொல்லமாட்டேன்.

பாப்பாவின் தலையில் ஒரு பிடி முடி இல்லை. துளிர்த்த தொட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கொடுக்கமாட்டேன் என்கிறாள். "உள்ள வாங்கம்மா, உக்காருங்க" என்று தையல்காரம்மா கூப்பிடுகிறார்.

வேண்டாம். நான், பாப்பா, செடி, மூன்று பேரும் வெளியேதான் நிற்கிறோம். வண்டியை எடு.

தங்கச்சி