ஆறாவது கல்வீடு

பேத்துப்பாறை
12.2.1962

அன்புள்ள மகன் பொன்னுவேலுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் சித்தப்பா வீட்டாரும் சுகம். பட்டாளத்தில் உன் சுகத்துக்கு எழுதவும்.

ஒரு பெரிய சேதி. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துப் படி.

மலையில் பழைய அடையாளம் எங்கெங்கே கெடக்கு என்று எழுத மதராஸிலிருந்து ஒரு ஆபீசர் வந்திருக்கிறார். தாண்டிக்குடியில் முடித்துவிட்டு இங்கே வந்தார். நான்தான் வழி காட்டினேன். நம் பூண்டுக் காட்டு மேட்டில் பலகைக்கல் நிறுத்தி மூடுகல் போட்டு இருக்கிற குள்ளர் வீடுகளை நாடா பிடித்து அளந்தார். மூவாயிரம் வருஷத்துக் கல்லாம்! நமக்குத் தெரிந்து ஐந்துதானே? அவர் ஆறு என்று எழுதினார். ஆறாவது எது தெரியுமா? காவல் குடிசைக் கூரையைக் காத்து மூணு தடவை பிய்த்துப் போட்டதும், உங்க அப்பா அதே மாதிரி கல் நிறுத்திக் கட்டினாரே, அதுதான்!

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் கட்டினது யார் என்று அவரிடம் சொல்லவில்லை. அதை உடைத்து மாட்டுத் தொழுவத்துக்குக் கல் எடுக்கப்போவதாக உன் சித்தப்பா நல்லுசாமி சொல்லிக்கொண்டிருந்தார். சர்க்கார் எழுதிவிட்டால் தொட முடியாதே.

ஆனாலும் பொய் சொல்லி உங்க அப்பா கல்லைக் காப்பாற்ற மனசு ஒப்பவில்லை. மறுநாள் வெள்ளனே போய் உண்மையைச் சொல்லிவிட்டேன். உண்மை தெரிந்தால் கல் தன் கைக்கு வந்துவிடும் என்று சித்தப்பாவும் கூடவே வந்தார். ஆபீசர் கோபப்படவில்லை. விழுந்து விழுந்து சிரித்தார். என்னையே ஏமாத்திட்டாரேம்மா உங்க வீட்டுக்காரர், பேரைச் சொல்லுங்க, புஸ்தகத்தில் எழுதுறேன் என்றார். அவர் பேரை நான் எப்படிச் சொல்வேன்? சித்தப்பாவைப் பார்த்தேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு அண்ணன் பேரைச் சொன்னார். அப்பா போனதிலிருந்து ஏழு மாதமாக நம் வீட்டில் யாரும் சொல்லாத பேர். சொன்னதும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். திரும்பி வரும் வழியில், அது அப்படியே கெடக்கட்டும் மதினி, தொழுவத்துக்கு வேற கல் பாத்துக்கிடுறேன் என்றார்.

இன்னொன்று. அவ்வளவு பெரிய மூடுகல்லை நீயும் அப்பாவுமாக ரெண்டே ஆள் எப்படி மேலே ஏற்றினீர்கள் என்று ஆபீசர் கேட்கிறார். தெரிந்தால் அந்தக் காலத்து ஆளுக செய்த விதமும் புரியுமாம். நான் கஞ்சி கொண்டு வருவதற்குள் நீங்கள் ஏற்றிவிட்டீர்கள், எனக்குத் தெரியாதே. தெரிந்தவர்களில் ஒருவர் போய்விட்டார். இனி நீதான் சொல்லவேண்டும். பங்குனி வரை அவர் கோடைக்கானலில் இருப்பார்.

தந்தி பிந்திக் கிடைத்ததால் அப்பா காரியத்துக்கு உன்னால் வர முடியவில்லை. அதில் எனக்கு வருத்தமில்லை, நீயும் வைத்துக்கொள்ளாதே. இதற்கு லீவு கேள். வெரசா வா.

குலசாமி உன் கூடவே இருக்கட்டும். இங்கே பனி இன்னும் விடவில்லை. அப்பாவின் கம்பளியை உனக்காக வெயிலில் உலர்த்தி வைத்திருக்கிறேன்.

உன் அம்மா
இருளாயி