நான் விரல் வைக்கவில்லை

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். நீயும் சுகம்தான் என்று நம்புகிறேன். போனில் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் மீட்டிங் என்று வைத்துவிடுகிறாயே, வேறெப்படித் தெரிந்துகொள்வது?

நாம் இருவரும் சேர்ந்து தொடங்கிய பம்ப் ரிப்பேர்க் கம்பெனிக்கு சாஃப்ட்வேர் போட மூன்று பேர் வந்துபோனார்கள். முதல் ஆள் கலர் கலராகப் படம் காட்டினான். முக்கால் இஞ்ச் வாஷர் எத்தனை இருக்கிறது என்று இதில் எப்படிப் பார்ப்பது என்றேன், அடுத்த படத்துக்குத் தாவினான். இரண்டாமவர் பட்டறையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, ஒரு கம்ப்யூட்டரும் ஒரு பிரிண்டரும் உங்களுக்குத் தாராளம் என்றார். எனக்குப் பிடித்திருந்தது. நீதான் வேண்டாம் என்றாய். ஏன் என்று இன்றுவரை சொல்லவில்லை.

மூன்றாமவன் உன் சிநேகிதன். தேன் ஒழுகப் பேசுகிறான். நாலு கேமரா, இரண்டு டேப்லெட், கைரேகை மெஷின் என்று நேற்று பெட்டி பெட்டியாக இறக்கினான். ஆறு பேர் வேலை செய்கிற இடத்துக்கு இத்தனை எதற்கடா? ஒரு கேமரா நேராக என் நாற்காலியைப் பார்க்கிறது. தற்செயலாம்!

மெக்கானிக் அண்ணன் முதலில் விரல் வைத்தார். மற்றவர்களும் வைத்தார்கள். பிறகு உன் சிநேகிதன் என்னைக் கூப்பிட்டான். முதலாளிக்கு எதுக்குப்பா அட்டெண்டன்ஸ் என்று சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. உங்க தம்பி குடுத்த ஸ்டாஃப் லிஸ்ட்ல உங்க பேரும் இருக்கும்மா, ஓனர் அவர் ஒருத்தர்தான்னு சொல்லிட்டாரே என்றான். எல்லோரும் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார்கள். மெக்கானிக் அண்ணன் மட்டும், யோவ், இந்தக் கம்பெனியே எங்க தங்கச்சிதான்யா என்று சீறினார். எனக்கு மானமே போய்விட்டது.

நான் விரல் வைக்கவில்லை. மெஷினைப் பெட்டியில் போட்டு மூடச் சொல்லிவிட்டேன்.

பன்னிரண்டு வருஷமாக நீ அங்கே. நான் இங்கே கிரீஸும் கையுமாக. உன் பங்கு, என் பங்கு என்று ஒரு நாளாவது பேசியிருப்பேனா? போன மாதம் சாஃப்ட்வேர் ஒப்பந்தம் என்று நீ அனுப்பிய காகிதங்களில், தம்பிதானே என்று படிக்காமலேயே கையெழுத்துப் போட்டேன். அதை நினைத்தால் இப்போது பகீரென்கிறது.

போனில் எதுவும் சொல்லாதே. அந்த லிஸ்டை நான் எழுதவில்லை அக்கா என்று உன் கைப்பட ஒரு வரி எழுதி அனுப்பு. எதையும் துருவித் துருவிக் கேட்கிறவள்தான் நான். அந்த ஒரு வரியை மட்டும் எதுவும் கேட்காமல் நம்பிவிடுகிறேன்.

நீயும் குழந்தைகளும் ஒரு குறையுமில்லாமல் இருங்கள்.

உன் அக்கா