பிடிக்காத கேள்வி

என் கண்ணுக்கு,

சமுதாய முன்னேற்றம், மனித உரிமைன்னு நீ மேல்படிப்பு படிக்கிறது தெரியும். ஆனா அந்தப் படிப்பு நம்ம தெருக்குழாய்க்கே வந்து நிக்கும்னு நான் நினைக்கல. நேத்து தெருவுல குறை கேட்டு எழுத வந்த காலேஜ் கூட்டத்துல உன்னைப் பார்த்ததும் குடத்தைப் போட்டுட்டு ஓடி வந்தேன்.

"வணக்கம்மா, நீங்க ரொம்ப வருஷமா இங்க இருக்கீங்களா?"ன்னு கேட்டே. பக்கத்துல உங்க வாத்தியாரம்மா. நீ சொன்ன அந்த 'அம்மா', ஊர்ல எல்லாரையும் கூப்பிடுற அம்மான்னு என் காதுக்குத் தெரிஞ்சுபோச்சு. நீ பிறந்த தெரு இதுன்னு அவங்ககிட்ட நீ சொல்லல போல.

பக்கத்து வீட்டுக்காரி, "அடியே, இது நம்ம..."ன்னு வாயைத் திறந்தா. நறுக்குனு அவ காலை மிதிச்சேன். இன்னைக்கும் நொண்டிக்கிட்டே என்னைத் திட்டுறா.

நீ நல்லாத்தான் பேசினே. "பிடிக்காத கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டாம்மா, அது உங்க உரிமை"ன்னு சொன்னப்போ எனக்குப் பெருமையாக்கூட இருந்துச்சு. தண்ணி வராததையும் சாக்கடை அடைச்சதையும் கொட்டித் தீர்த்தேன்.

அப்புறம், "உங்களுக்குப் பிள்ளைங்க இருக்காங்களா?"ன்னு கேட்டே. கேக்கும்போது என் முகத்தைப் பார்க்கல. நான் வாயே திறக்கல. நீயும் வற்புறுத்தாம அடுத்த கேள்விக்குப் போயிட்டே.

நான் ஒண்ணும் தப்பா எடுத்துக்கல. உன் தலையணை உறையைத் துவைச்சு வச்சிருக்கேன். லீவுக்கு வீட்டுக்கு வருவியா?

பிடிக்கலன்னா பதில் போட வேண்டாம். அது உன் உரிமை.

உன்
அம்மா