விழும் சந்தையில் வாங்கியது

எங்கள் வீட்டுக்காரருக்கு,

அஸ்தானா ஆஸ்பத்திரியில் உங்கள் போனை வாங்கி வைத்துக்கொண்டார்களாம். அதனால் உங்கள் தம்பி பெய்பித்திடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். வியாழக்கிழமை ஆபரேஷனைப் பற்றி எழுதப்போவதில்லை.

அல்மாட்டியில் மழை விட்டபாடில்லை. பங்குச் சந்தையும் விழுந்துகொண்டே இருக்கிறது. தேநீர் போட்டுப் போட்டு, குடிக்காமல் ஆறவிட்டேன். உட்கார முடியாமல், நேற்று நம் சேமிப்போடு தரகர் அலுவலகத்துக்கே போய்விட்டேன். பெய்பித்தும் கூட வந்தான்.

"எல்லாரும் வித்துட்டு ஓடுறாங்க, நீங்க வாங்க வந்திருக்கீங்களே அண்ணி."

நீங்கள் இருந்தால் எதைப் பார்ப்பீர்களோ அதைத்தான் பார்த்தேன். கடன் குறைவா, கெட்ட வருஷத்திலும் லாபம் வந்ததா என்று. பெரிதாகப் பேசிய கம்பெனிகளை விட்டுவிட்டேன். கடைசியில் ஒரு மின்சாரக் கம்பெனியும் ஒரு ரயில்பெட்டிக் கம்பெனியும் மிஞ்சின.

தரகர் சவுலே சின்னப் பெண். "எத்தனை வருஷம் வச்சிருக்கப்போறீங்கக்கா?" என்று சாதாரணமாகத்தான் கேட்டாள். ஜன்னல் வரை போய்த் திரும்பினேன். குடையைத் தேடினேன், அது கையில்தான் இருந்தது. பெய்பித் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒரு வருஷம்னு போடட்டுமா? அவசரம்னா எடுத்துக்கலாம்."

"பதினஞ்சு வருஷம்" என்றேன். "ரெண்டு பேர் பேர்லயும் போடும்மா."

அதற்கு உங்கள் கையெழுத்தும் வேண்டுமாம். படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். இப்போது போடவேண்டாம். வெள்ளிக்கிழமை போடுங்கள். கோணலாக இருந்தாலும் பரவாயில்லையாம், கேட்டுவிட்டேன்.

உங்கள் வீட்டில் இருப்பவள்